மஞ்சள் கோடு வளைந்த இடம்

மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில், பல்கலைக்கழக வாசலுக்குப் போகும் கடைவீதியின் மூலையில் உணவுக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா, காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுப்பார். தம் கடை வாசலோடு நிறுத்த மாட்டார். பக்கத்துக் கடை, அதற்கும் அப்பால் உள்ள கடை வரைக்கும் பெருக்கிக்கொண்டே போவார். கண்ணாடிச் சில்லோ பழத்தோலோ கண்ணில் பட்டால் குனிந்து பொறுக்கிவிட்டுத்தான் நிமிர்வார். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் நன்மைதான் என்று சிறு வயதில் மதரசாவில் கேட்டதை அவர் மறந்ததே இல்லை. அப்படிப்பட்ட மனிதர், பார்வை இல்லாத ஒரு மாணவனைக் கூரை நிழலிலிருந்து வெயிலுக்கும் மழைக்கும் இறக்கிவிட்டார் என்று சொன்னால் அந்த வீதியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பாததுதான் அவரைப் பின்னாளில் அதிகம் வாட்டியது.

அவருடைய வாப்பா பனைக்குளத்திலிருந்து கப்பலேறி வந்து, சுங்கை செம்பிலாங்கில் மீனவர்களுக்குக் கோப்பி ஆற்றிக் கொடுத்துக் குடும்பத்தை வளர்த்தவர். கிஃபாயத்துல்லா படிப்பைப் பாதியில் விட்டு அதே கடையில் கோப்பை கழுவினார். திருமணத்துக்குப் பிறகு ரவாங்கில் சொந்தமாகக் கடை போட்டார். அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட அந்தச் சம்பவம் நடந்தது.

"வெளியில மேசை போட்டுக்கோ பாய். நான் சொல்றேன்ல, அப்புறம் என்ன?" என்று கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தோளில் தட்டிச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி அவர் மேசைகளை வெளியே போட்டார். ஒருநாள் மாலை ஊராட்சி மன்ற அமலாக்க அதிகாரிகள் வந்து அனுமதி எங்கே என்று கேட்டார்கள். அவர் கட்டடக்காரரைக் கூப்பிட்டார். வந்தவர், எல்லார் முன்னிலையிலும், "நான் எப்பப்பா சொன்னேன்?" என்றார். வாடிக்கையாளர்கள் தட்டைக் கையில் ஏந்தியபடி எழுந்து நிற்க, அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் லோரியில் ஏறிப் போயின. ஒரு சிறுமி மட்டும் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவர் வாய்ச்சொல்லை நம்புவதை விட்டார். உரிமம், வாடகை ஒப்பந்தம், கடிதம், பதில் கடிதம், ரசீது என எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோப்பில் கோத்து வைத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊராட்சித் துணைச்சட்டங்களை மலாயில் வரிவரியாகப் படித்தார். மனு எழுதும் நடையைத் தாமே கற்றார். பல்கலைக்கழக வளாகம் வந்ததும் புஞ்சாக் ஆலாமுக்குக் கடையை மாற்றியபோது, மேசை போட எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே முதல் மேசையை வெளியே தூக்கினார். செம்பனைத் தோட்டமாக இருந்த இடம் ஊராகிக்கொண்டிருந்த காலம் அது. கடைவீதியில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும், "பாய்கிட்டக் காட்டு, அவரு பார்த்துச் சொல்லுவாரு" என்பார்கள். அதனால், வீதியை அழகுபடுத்தும் திட்டம் வந்தபோது கடைக்காரர்களின் பிரதிநிதியாக அவரை அனுப்புவதில் யாருக்கும் இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை.

திட்டத்தை வரைந்தவள் மாதவி. அதற்கென அமர்த்தப்பட்ட நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர். தந்தை ரவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். பொது மண்டபத்தில் திரையை இறக்கி, வீதி எப்படி மாறப் போகிறது என்று காட்டினாள். சாலையோரம் நிழல் மரங்கள், அவற்றைச் சுற்றி இருக்கைகள், திறந்து கிடந்த சாக்கடைகளுக்கு மூடி, கடைகளின் பக்கச் சுவர்களில் மாணவர்கள் தீட்டும் ஓவியங்கள். கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் அஞ்சடி நடைபாதையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து பல்கலைக்கழக வாசல்வரை, புடைத்த மஞ்சள் ஓடுகளால் ஒரு நேர்கோடு. பார்வை இல்லாதவர்கள் பாதத்தாலும் கோலாலும் தொட்டறிந்து நடப்பதற்கு.

அந்தக் கோடு கிஃபாயத்துல்லாவின் மேசைகளுக்கு நடுவே ஓடியது.

அவர் எழுந்து கோப்பைத் திறந்தார். அனுமதிக் கடிதத்தை வாசித்தார். துணைச்சட்டத்தின் பிரிவைச் சொன்னார். மேசைகளின் அளவு குறித்த வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். அவர் குரல் உயரவே இல்லை. ரவாங்கில் பேச முடியாமல் நின்ற அந்த மாலை முழுவதையும் இப்போது ஒழுங்கான வாக்கியங்களாக அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நீங்க சொல்றது எல்லாம் சட்டப்படி சரிதான். ஆனா கோடு வளைஞ்சா நடக்குறவங்களுக்குக் கஷ்டம்லா. அஞ்சடியை விட்டுக் கீழ எறங்கி, மோட்டார் சைக்கிள் நிறுத்துற இடத்தைச் சுத்திட்டு, மறுபடி மேல ஏறணும். அங்க கூரையும் இல்ல" என்றாள் மாதவி.

"யாரும்மா நடக்கப் போறா?" என்றார் கிஃபாயத்துல்லா. "இத்தன வருசமா இந்த ரோட்டுல கடை வச்சிருக்கேன். கண்ணு தெரியாத ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லையே."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த கடைக்காரர் அவர் முழங்காலைத் தட்டினார். நேரமும் ஆகிவிட்டிருந்தது. கோடு அவர் கடை முன்னால் வெளியே வளைந்து போகும் என்று முடிவாயிற்று. அதற்குக் கைம்மாறாக, கடையின் பக்கச் சுவரை ஓவியத்துக்குத் தருவதாக அவரே முன்வந்தார். ஆட்சேபத்தோடு சேர்த்து அதையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவி அஜீஸாவிடம், "இன்னிக்கு ஒரு பயலால என்னை எழுப்பிவிட முடியல" என்றார். அஜீஸா எதை, யாரை என்று கேட்கவில்லை. ரவாங்கை அவளும் பார்த்தவள்.

ஓடுகள் பதித்து முடிந்த சில நாளில், மாலைத் தேநீர் நேரத்தில், வெள்ளைக் கோலைத் தரையில் தட்டிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோட்டின்மேலேயே வந்தவன், கடை முன்னால் வளைவைக் காட்டும் புள்ளி ஓடுகளில் கால் பட்டதும், ஏதோ இடம் வந்துவிட்டது என்று நின்றான். முகத்தைத் தூக்கி மோப்பம் பிடிப்பவன்போல் மூச்சிழுத்தான்.

"இது சாப்பாட்டுக் கடைதானே? யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கோம்பா, வா வா" என்று கிஃபாயத்துல்லா ஓடிப் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ரவாங்கில் வளர்ந்த பவனேஷ், அந்தப் பருவத்தில்தான் வளாகத்தில் சேர்ந்திருந்தான். இதுவரை நண்பன் யாராவது காரில் கொண்டு வந்து விடுவானாம். கோடு வந்த பிறகுதான் தனியாக நடக்கிறானாம்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். எல்லா ஊர்லயும் இந்தக் கோடு பேங்குக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும். சாப்பாட்டுக் கடைக்கு வந்து நிக்கிறத இங்கதான் பார்க்குறேன். நான் பசியோட வருவேன்னு தெரிஞ்சு வச்ச மாதிரி இருக்கு. நீங்க கேட்டு வாங்குனதா?"

கல்லாவுக்கு எதிர் மேசையில் சன்னாசி உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டி ஓய்ந்தவர். காலையிலும் மாலையிலும் அந்த மேசையை விட்டு அசையாதவர். அவர் காது இந்தப் பக்கம் திரும்பியிருப்பதைக் கிஃபாயத்துல்லா பார்த்தார். அந்தப் பையனின் முகத்தையும் பார்த்தார். அதில் ஒரு சந்தோஷம் தயாராகக் காத்திருந்தது.

"ஆமாம்பா" என்றார்.

சொன்ன அந்தக் கணமே வாய் கசந்தது. ஆனால் சன்னாசி அதற்குள் மேசையில் ஓங்கித் தட்டிவிட்டார். "அடடா, பாய்! இம்புட்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! நான் என்னவோ மேசைக்காகச் சண்ட போட்டீருன்னுல்ல நெனச்சேன்!"

மண்டபக் கூட்டத்தில் இருந்த கடைக்காரர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். ஆனால் காலம் போகப் போக அவர்களுக்கும் இந்தக் கதையே பிடித்துப் போயிற்று. பவனேஷ் மாலைதோறும் வந்தான். கிஃபாயத்துல்லா தே தாரிக் தேநீரைத் தம் கையாலேயே நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். ரொட்டியைக் கிழித்து வைத்தார். கோப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் கையைத் தொட்டுக் காட்டினார்.

"அங்கிள், எனக்குக் கண்ணுதான் தெரியாது. ரொட்டியை நானே பிச்சுக்குவேன்லா" என்று பவனேஷ் சிரித்தான்.

"பெத்த புள்ளைக்குக்கூட இப்படிச் செஞ்சதில்ல இவரு" என்று அஜீஸா ஒருநாள் சமையலறையிலிருந்து சொன்னாள். பிறகு அவள் கணவரின் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு மதியம், வானம் உடைந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, கடையில் ஆளே இல்லை. வெளி மேசைகளின்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கிஃபாயத்துல்லா கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல் தட்டும் சத்தம் மழைக்குள்ளிருந்து வந்தது. வழக்கமாக அவன் வரும் நேரமல்ல. வகுப்புக்குப் போகிறான் போலும், அவசரம் நடையில் தெரிந்தது.

அஞ்சடியின் கூரைக்கடியில் நனையாமல் வந்தவன், கடை முன்னால் புள்ளி ஓட்டில் நின்றான். கோட்டைக் கோலால் தேடினான். கோடு வெளியே திரும்பியது. அவனும் திரும்பினான். படியிறங்கி மழைக்குள் போனான். சட்டை உடனே முதுகோடு ஒட்டியது. அவனுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், உலர்ந்த தரையில், யாரும் உட்காராத மேசைகள் கவிழ்த்த நாற்காலிகளோடு நின்றன.

கிஃபாயத்துல்லா எழுந்தார். கூப்பிட வாய் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "உள்ளே வா, இந்தப் பக்கம் நேரே போகலாம்" என்றா? நேரே போகலாம் என்றால் ஏன் கோடு நேரே போகவில்லை என்று அவன் கேட்க மாட்டானா?

அதற்குள் வெளியே, கோட்டின்மேல் யாரோ நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிளின் கைப்பிடி பவனேஷின் விலாவில் இடித்தது. அவன் தடுமாறி, கையை நீட்டி, எதன்மேல் மோதினோம் என்று தெரியாமல், "சாரி, சாரி, நான் பார்க்கல" என்றான்.

மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்டான். பதில் வருமா என்று ஒரு வினாடி நின்றான். பிறகு அதைச் சுற்றிப் போய் மறைந்தான்.

ரவாங்கில் நாற்காலிகள் லோரியில் ஏறியபோது கையில் தட்டோடு நின்ற அந்தச் சிறுமியின் முகம், பல ஆண்டுகளுக்குப் பிறகு, கிஃபாயத்துல்லாவின் முன்னால் வந்து நின்றது. அன்று அநியாயம் செய்தவன் யார் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. இன்றும் ஐயம் இல்லை. தம் கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளும் சரியானது. ஒரு கையெழுத்துக்கூடப் பிசகவில்லை. அத்தனை சரியான தாள்களையும் கொண்டு அவர் செய்துவைத்த வேலை மழையில் நனைந்துகொண்டு போகிறது.

அந்த வாரமே மேசைகளை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மேசையை இழுத்தால் கோடு நேராகிவிடுமா? வளைவு வளைவாகவே இருக்கும். ஏன் இழுத்தீர் என்று சன்னாசி கேட்பார். நாள் தள்ளிப் போயிற்று. வெட்கத்தைச் சுமந்துகொண்டு திரிவது ஒருவிதத்தில் எளிதாகவும் இருந்தது. அவனுக்குக் கூடுதலாக ஒரு முட்டை பொரித்து வைத்தால் போதும்.

இப்படி இருக்கையில்தான் மாதவி ஒருநாள் காலை பவனேஷையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கையில் ஓர் அட்டை.

"அங்கிள், உங்க சுவருக்கு டிசைன் முடிஞ்சிருச்சு. கேம்பஸ்ல பசங்ககிட்ட, இந்தத் தெருவுல உங்களுக்கு நல்லது செஞ்சவங்க யாருன்னு கேட்டோம். பவனேஷ் சொன்ன கதைதான் எல்லாருக்கும் பிடிச்சிச்சு. நீங்க அன்னிக்கு மீட்டிங்ல வேற மாதிரி பேசுனீங்க. அப்புறம் யோசிச்சேன், அவருக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கும், நான்தான் புரிஞ்சுக்கலன்னு." அவள் குரலில் தன்னையே கடிந்துகொள்ளும் தொனி இருந்தது. அதைக் கேட்கக் கிஃபாயத்துல்லாவுக்குக் காது கூசியது.

பவனேஷ் அட்டையை மேசையில் வைத்தான். அவனும் தொட்டுப் பார்க்கட்டும் என்று, ஓவியத்தின் கோடுகளை எல்லாம் நூலால் ஒட்டியிருந்தார்கள். "கண்ண மூடுங்க அங்கிள். நான் எப்படிப் பார்க்குறேனோ அப்படிப் பாருங்க" என்று அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நூலின்மேல் வைத்தான்.

"இது பஸ் ஸ்டாப். இது நான், கோலோட. கோடு நேரா வருது பாருங்க... வருதா... இங்க வளையுது. இந்த வளைவுலதான் நீங்க நிக்கிறீங்க, தே தாரிக் ஆத்திக்கிட்டு. உங்க மூஞ்சி சுவருல பெருசா வருமாம். பசங்க இப்பவே வெளிய சாக்பீஸால கோடிழுத்துக்கிட்டு இருக்காங்க. சனிக்கிழமை தொறக்குறாங்க."

விரல் வளைவில் நின்றது. கண்ணை மூடியிருந்த கிஃபாயத்துல்லா அதைத் திறக்கத் துணியவில்லை.

"தம்பி, இத வரையக் கூடாது" என்றார்.

"ஏன் அங்கிள்? வெக்கமா?" என்று பவனேஷ் சிரித்தான்.

"ஆமா, வெக்கம்தான்." அவர் கண்ணைத் திறந்து கையை இழுத்துக்கொண்டார். சன்னாசி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பது தெரிந்தது. அஜீஸா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "கோடு நேராத்தான் போகணும். இந்தப் புள்ள நேராத்தான் போட்டுச்சு. நான்தான் என் மேசைக்காக மல்லுக்கட்டி வளைக்க வச்சேன். வளைச்சா கஷ்டம்னு இந்தப் புள்ள சொன்னுச்சு. அப்ப நான் ஒண்ணு சொன்னேன். அத உன் மொகத்துக்கு நேரா சொல்லணும். யாரு நடக்கப் போறா, கண்ணு தெரியாத ஒரு ஆளைக்கூட நான் இங்க பார்த்ததில்லன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

பவனேஷின் கை நூலின்மேல் அப்படியே இருந்தது.

"கோட்ட வளைக்கிறது எனக்குப் புதுசு இல்ல" என்றான் கடைசியில். "எல்லா ஊர்லயும் வளைச்சுத்தான் வச்சிருக்காங்க. தூண்ல கொண்டு போயி முட்ட விட்டிருக்காங்க. அதுக்கு நான் கோவப்பட்டா நாள் பூராக் கோவப்படணும். ஆனா மொத நாளு நான் உங்ககிட்டக் கேட்டேன்ல?"

"கேட்டேப்பா."

"நீங்க ஆமான்னு சொன்னீங்க. நான் அத வீட்டுக்குப் போன் போட்டு அம்மாகிட்டச் சொன்னேன்."

அவ்வளவுதான். மடித்து வைத்திருந்த கோலைத் தட்டி விரித்து, அட்டையை மாதவியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் கிஃபாயத்துல்லா கை கொடுக்க வந்ததைக் காலடிச் சத்தத்தில் உணர்ந்து, "வேணாம் அங்கிள், வழி தெரியும்" என்றான். வளைவில் இறங்கி, வெயிலில் சுற்றி, மறுபடி ஏறிப் போனான்.

மாதவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "நான் அப்பவே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். உங்க ஃபைலைப் பார்த்துப் பயந்துட்டேன்" என்றாள்.

"உன்மேல ஒண்ணும் இல்லம்மா. இப்ப என்ன செய்யலாம், அத சொல்லு."

ஓடு பதித்த ஒப்பந்தக்காரர் வேலையை இன்னும் முடித்து ஒப்படைக்கவில்லை. ஆட்சேபத்தை எழுத்தில் திரும்பப் பெற்று, மேசை அனுமதியையும் விட்டுக்கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிப் பதிக்கக் கேட்கலாம் என்றாள். அன்று பகலே கிஃபாயத்துல்லா கடிதம் எழுதினார். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை. முதல் வரியைத் தாண்டவே தவித்தது. துணைச்சட்டத்தில் எந்தப் பிரிவும் இதற்கு உதவவில்லை. "என் சுயநலத்தால் நான் கேட்டது தவறு" என்று மலாயில் எழுதி, நகல் எடுத்து, வழக்கம்போலத் தேதிவாரியாகக் கோப்பில் கோத்தார். அதற்கு முந்தைய தாள் அவருடைய ஆட்சேபக் கடிதம். இரண்டும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து இருந்தன.

சனிக்கிழமை திறப்பு விழா நடந்தது. அவர் சுவர் மட்டும் வண்ணமில்லாமல் இருந்தது. பிறகு மாணவர்கள் வந்து, கோலா சிலாங்கூர் ஆற்றங்கரை மரத்தில் மின்மினிகள் மொய்ப்பதை அங்கே வரைந்தார்கள். முன்பே சுண்ணக்கட்டியால் கோடிழுத்திருந்த அவருடைய முகம் வண்ணத்துக்கு அடியில் போனது. உற்றுப் பார்த்தால் மூக்கின் வளைவு மட்டும் ஒரு கிளைபோலத் தெரியும். அவர் உற்றுப் பார்ப்பார்.

மஞ்சள் கோடு நேராகப் பதிக்கப்பட்டது. மேசைகள் உள்ளே போயின. இரவில் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்க வரும் மாணவர்கள் வெளியே இடம் இருக்கிற வேறு கடைக்கு மாறினார்கள். "ஏங்க, அந்தப் புள்ளய ஒருநாள் கூப்பிடலாம்ல?" என்று அஜீஸா கேட்டாள்.

"எந்த வாயால கூப்பிடச் சொல்ற?"

அவள் சமையலறைக்குத் திரும்பினாள்.

பவனேஷ் இப்போதும் அந்த வழியாகத்தான் போகிறான். கோடு கடையருகே வளையாததால் அவன் அங்கே நிற்பதற்குக் காரணமும் இல்லை. பலகாரம் பொரியும் மணம் வரும் இடத்தில் நடை சற்றுத் தளர்வதுபோல் கிஃபாயத்துல்லாவுக்குத் தோன்றும். தோன்றுவதை அவர் நம்புவதில்லை.

ஒரு மாலை, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சன்னாசி ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து அஞ்சடியில், மஞ்சள் கோட்டின்மேல் போட்டு உட்கார்ந்தார்.

"சன்னாசி, அங்க வேணாம். உள்ள வாங்க."

"அட, ஒரு அஞ்சு நிமிசம் பாய். இப்ப யாரு நடக்கப் போறா?"

கிஃபாயத்துல்லாவின் கையில் இருந்த கோப்பை நின்றது. சன்னாசி வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கு எதுவும் நினைவிலும் இல்லை. வெறும் வாயில் வந்த பேச்சு. மண்டபத்தில் அன்று தம் குரல் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை அவர் இப்போதுதான் கேட்டார். கொடுமையாகக்கூட இல்லை. இவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கிறது.

தூரத்தில் கோல் தட்டும் சத்தம்.

"எந்திரிங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டுச் சன்னாசி மறுபேச்சில்லாமல் எழுந்தார். கிஃபாயத்துல்லா முக்காலியைத் தூக்கினார். அதன் கால் ஓட்டில் உரசிக் கிறீச்சிட்டது. முக்காலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார்.

சத்தத்தைக் கேட்டு பவனேஷ் முகத்தைத் திருப்பினான். யாரோ வழிவிட்டார்கள் என்று புரிந்தது.

"தேங்க்ஸ் ஆ" என்றான், சுவரைப் பார்த்து.

கிஃபாயத்துல்லா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நன்றியை அவன் திருப்பி எடுத்துக்கொள்வானோ, அல்லது பரவாயில்லை என்று விட்டுவிடுவானோ, இரண்டில் எதையும் தாங்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கோல் தட்டும் சத்தம் கோட்டின்மேல் நேராகப் போய், சாலையைக் கடந்து, வளாக வாசலில் தேய்ந்தது. அதன் பிறகே அவர் முக்காலியைக் கீழே வைத்தார், கடைக்கு உள்ளே.